பத்துக்கேழு கட்டிய பூப்பொட்டலம்

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை பார்த்தவர்களில், சாமியிடமே போய் எத்தனை சதவீதம் உறுதி என்று கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான். சரக்கின் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் பத்துக்கேழு.

எதைக் கேட்டாலும் பத்துக்கு இத்தனை என்றுதான் பதில் வரும். மழை வருமா என்றால் பத்துக்கு நாலு. பஸ்ஸில் சீட் கிடைக்குமா என்றால் பத்துக்கு ரெண்டு. லேத்து ஓட்டுகிற ஒருவருக்கு மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆப்பிளும் ஆரஞ்சுமாகப் பார்க்கப் போனோம். பொழச்சுக்குவேனா என்று அந்த மனுஷன் ஈனக்குரலில் கேட்டார். உங்களுக்கென்னங்க என்று நாங்கள் ஆரம்பிப்பதற்குள் இவர், "பத்துக்கு ஏழுங்க" என்றார். மீதி மூன்றை நினைத்து நோயாளியின் சம்சாரம் அழ ஆரம்பித்துவிட்டார். எங்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. ஆள் பிழைத்து இன்றும் லேத்து ஓட்டுகிறார். பெயர் மட்டும் இவரோடு ஒட்டிக்கொண்டது.

பம்பு ஒவ்வொன்றையும் தண்ணீர்த் தொட்டியில் விட்டு ஓட்டிப் பார்க்க நேரம் கிடையாது. சிலதை எடுத்துச் சோதித்து, மொத்தச் சரக்கும் தேறுமா என்று சொல்ல வேண்டும். மேலே அடுக்கியிருப்பதைத் தொடவே மாட்டார். நல்லதை மேலே வைத்து அடுக்குவது தக்காளிக் கூடையிலிருந்து நம் ஆட்களுக்கு வந்த பழக்கம் என்பார். எண் எழுதிய புளியங்கொட்டைகளை டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார். எந்த எண் வந்ததோ அந்தப் பம்பு. அது அடியில் இருந்தால் மேலே உள்ள அத்தனையும் இறங்க வேண்டும். லோடு ஏற்றுகிறவர்கள் அவர் வம்சத்தையே வைது தீர்த்தார்கள்.

கேன்டீன் வடையையும் விட்டுவைக்கவில்லை. தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்துவிட்டு, சராசரி சரிதான், ஆனால் ஒன்று பெரிசு ஒன்று சிறிசாக ரொம்பப் பரவிக் கிடக்கிறது என்று வடை மாஸ்டருக்கு விளக்கினார். மாஸ்டர் கரண்டியோடு எழுந்துவிட்டார்.

முதலாளி மகள் கல்யாணத்தில்தான் வசமாக மாட்டினார். பத்திரிகை வைத்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் வருவார்கள் என்று சாப்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்து முடிவெடுப்பார்கள் என்று எடுத்துக்கொண்ட கணக்கு அது. நம் பக்கத்தில் யார் அப்படிச் செய்கிறார்கள்? பங்காளிகளில் பெரியவர் ஒருவர் கிளம்பினால் ஊரே வேன் பிடிக்கும். அவர் கோபித்துக்கொண்டால் ஒரு ஈ காக்கை வராது. அன்றைக்கு எந்தப் பெரியவரும் கோபித்துக்கொள்ளவில்லை. சோமனூரிலிருந்து மட்டும் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். பாதிப் பந்தியில் சோறு தீர்ந்து, மாப்பிள்ளை வீட்டார் முகம் கறுத்துப்போனது. "பெரியவங்கள எண்ணியிருக்கோணும். தலைய எண்ணிப்போட்டேனுங்க" என்று சமையல்கட்டு ஓரமாக நின்று என்னிடம் சொன்னார். முதலாளி வெகுநாள் அவரோடு பேசவில்லை.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் சம்சாரம் ருக்மணி அக்காவுக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போனது. ஆபரேஷன் செய்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் பிழைக்கிறார்கள், அப்படியே விட்டால் ஒரு வருஷம் தாங்குவதே கஷ்டம் என்றார் டாக்டர். பத்துக்கேழுவுக்கு அதில் யோசிக்க எதுவுமில்லை. அக்காவுக்கோ கத்தி என்றாலே நடுக்கம். குலதெய்வத்திடம் பூ கேட்காமல் உடம்பில் கை வைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பூ கேட்பது தெரியுமில்லையா? வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

"பாதிக்குப் பாதிங்க தம்பி. காசு சுண்டறதுதானுங்க இது. இதுலயா அவ உசுர வெக்கறது?" என்று என்னிடம் வந்து புலம்பினார். ஆனால் வீட்டில் சண்டை போடவில்லை. சரி போலாம், பொட்டலம் நான் கட்டறேன் என்று மட்டும் சொன்னாராம்.

மதுக்கரைப் பக்கம் கோயில். நான்தான் கார் ஓட்டிப் போனேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. "ஆத்தாளே சொல்லிப்போட்டா, இனி எனக்கென்னங்க பயம்" என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் ஆஸ்பத்திரிக்கு எந்தச் சேலை கட்டுவது என்றே பேசிக்கொண்டு வந்தார்.

ஆபரேஷன் மேஜையிலிருந்து அக்கா எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவர் கையைப் பிடித்து ஒரே ஆறுதலைச் சொன்னார்கள். ஆத்தாளே வெள்ளை குடுத்தும் இப்படி ஆச்சுன்னா மனுஷன் என்னங்க பண்ண முடியும் என்று. யார் சொன்னாலும் அவர் கையை உருவிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அதன்பின் வேலைக்கு வந்தார். பத்துக்கு இத்தனை என்கிற பேச்சே நின்றுபோனது. நாங்களாக வாயைக் கிண்டினாலும் தெரியலைங்க என்பார். ஒரு சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னார்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதானுங்க தம்பி வெச்சேன்."

"உங்க கணக்கு சரிதானுங்ணா. பத்துக்கு எட்டு இருந்துச்சு. யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க" என்றேன்.

"சரிதானுங்க. திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன், சரியாத்தான் வருது." தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா அவ பத்துக்கு எட்டுக்கு ஒத்துக்கலீங்க. ஆத்தாளுக்குத்தான் ஒத்துக்கிட்டா."

மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார், நானும் அழுதேன்.

அன்றைக்கு அவரைத் தனியாக பஸ் ஏற்றிவிட மனம் வரவில்லை. என் வண்டியில் வைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டேன். சாப்பிடாமல் போகக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவரே வைத்த ரசம். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. இன்னும் கொஞ்சம் ஊத்துங்ணா என்று தட்டை நீட்டினேன்.