முடிச்சம்மாவும் பெரிய டாக்டரும்

"மாசக்கணக்கா தள்ளிப்போகுது டாக்டர். தாடையில முடி வேற வளருது."

"உடம்பைக் குறைங்க சிஸ்டர். கல்யாணம் ஆனா எல்லாம் தானா சரியாயிடும்."

இதைச் சொன்னபோது பெரிய டாக்டர் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. கேட்டவள் அவரிடமே வேலை பார்க்கும் நர்ஸ். "சரி டாக்டர்" என்று அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள். கேட்க வந்ததில் பாதியைக் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தாள். மாதவிலக்குக் கோளாறு என்று வந்த அத்தனை பெண்களுக்கும் அதே அருள்வாக்குதான். குச்சி மாதிரி இருந்த கல்லூரிப் பெண்ணையும் உடம்பைக் குறைக்கச் சொன்னார்.

அருள்வாக்கு பெற்றவர்கள் நேராக எதிர்ச்சாரி மாடிக்குப் போனார்கள். அங்கேதான் முடிச்சம்மா இருந்தாள். வயிற்றுக்கு மேலே நூலைத் தொங்கவிட்டு, கருப்பையில் விழுந்த முடிச்சுகளை எண்ணி அவிழ்ப்பாளாம். கூட்டம் படிக்கட்டில் வழிந்து தெருவுக்கு வந்திருந்தது. வாசலில் தரும் போர்வையால் தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு, வாய் திறக்காமல் போய்ப் படுக்க வேண்டும். பேசினால் சக்தி கலைந்துவிடும். பாவம், சக்திக்கு அவ்வளவு பூஞ்சை உடம்பு.

"ஒரே ஒரு தடவை வாடி, உனக்காகத்தானே சொல்றேன்" என்று நர்ஸை அவள் அக்கா அங்கே இழுத்துப் போனாள்.

வரிசையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் எல்லோரிடமும் உருகிக்கொண்டிருந்தாள். "எத்தனை மாசமா வரலை கண்ணு? மாமியார் ஏதும் சொல்றாங்களா?" உருகி முடித்ததும் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். நோயாளியிடம் விவரம் கேட்டு உள்ளே போய்ச் சொல்வது நர்சுக்குத் தினசரி வேலை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பி, கண்டுபிடித்ததைச் சொன்னாள்.

மறுநாள் அக்கா கண்ணாடியம்மாளிடம் மூக்கைச் சிந்தினாள். "என் தங்கச்சிக்கு அஞ்சு மாசமா வரலைங்க." தண்ணீர் உள்ளே போனது. நர்ஸ் வாங்கிய போர்வை மாடிக் குளியலறையில் கைமாறி, அக்காவின் வீட்டுக்காரர் மேல் ஏறியது. அவர் தொந்தியும் தானுமாகப் போய்ப் படுத்தார்.

நூல் சுழன்றது. "கருப்பையில அஞ்சு முடிச்சு. அஞ்சு மாசமா அடைச்சு நிக்குது. கவலைப்படாதே தாயே, அடுத்த வருஷம் உன் மடியில பிள்ளை."

"பிள்ளை ஏற்கெனவே ரெண்டு இருக்கு" என்று போர்வையை விலக்கி, மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார் அவர். "கருப்பைதான் இல்லைங்க."

கூட்டம் சிரித்தது, சிரித்து ஓய்ந்ததும் கொதித்தது. சத்தம் கேட்டுப் பெரிய டாக்டரே மாடியேறி வந்துவிட்டார்.

"ஏன் சிஸ்டர், இந்த மாதிரி இடத்துக்கெல்லாமா வர்றது? ஜனங்க கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?"

நூலைச் சுருட்டிக்கொண்டிருந்த முடிச்சம்மா நிமிர்ந்தாள். "நான் ஏமாத்துக்காரிதான், ஒத்துக்கிறேன். ஆனா எத்தனை மாசமாச்சுன்னு கேக்கறதுக்காவது ஒரு ஆள் வச்சிருந்தேன் டாக்டர்."

படிக்கட்டில் நின்றிருந்த பெண்களில் பாதிப்பேர் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் டாக்டருக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"யோசிக்கிறதை நம்ம க்ளினிக்லேர்ந்து ஆரம்பிக்கலாம் டாக்டர். இது பிசிஓஎஸ்ஸா, அந்த சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனையா இருக்குமோன்னு எனக்குப் பயமா இருக்கு. தயவுசெஞ்சு ஒரு தடவை நிமிர்ந்து பாத்து, நான் சொல்றதை முழுசாக் கேட்டு, என்னைப் பரிசோதனை பண்ணுங்க."