விஷ்ணுகிராந்தி பூக்கவில்லை

"பூத்ததோ?" என்று கனடாவிலிருந்து இரத்தினேஸ்வரி கேட்டாள்.

"நாளைக்குப் பூக்கும்," என்றார் யோகலிங்கம். இரண்டு கிழமையாக இதே பதில்தான்.

மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள், போய் ஒரு வருடமாகிறது. இப்போது மகள் தாயின் விசாவை நீட்டிக்கப் போகிறாளாம். "அங்க வந்து நான் என்னத்தைப் பாக்கிறது?" என்று இரண்டு கிழமைக்கு முன் மனைவி கேட்டபோது, 'என்னைப் பார்க்க வா' என்று சொல்ல யோகலிங்கத்துக்கு வாய் வரவில்லை. துறைமுகத்தில் கிளாக்கராக முப்பது வருடம் கடிதம் எழுதியவர்தான். ஆனால் இப்படி ஒரு வசனம் அவர் எழுதியதில்லை.

"உம்மட விஷ்ணுகிராந்தி பூக்கப் போகுது," என்று அன்று சொல்லிவிட்டார்.

"உண்மையாவோ? படம் எடுத்து அனுப்புங்கோ. பாத்திட்டு யோசிப்பம்."

நிலாவெளிக் கடற்கரை மணலில் தானாகப் படரும் சின்ன நீலப் பூ அது. இவர்கள் முற்றத்திலும் ஒன்று படர்ந்திருந்தது; கூட்டும்போது அவள் அதை மட்டும் விட்டுச் சுற்றிக் கூட்டுவாள். அவள் போன மறுமாதமே புல்லென்று நினைத்துச் செருக்கி எறிந்தவர் இவர்தான். பொய் சொன்ன மறுநாளே நிலாவெளிக்குப் போய் வேரோடு கிண்டிக்கொண்டு வந்து நட்டவரும் இவர்தான்.

இருவேளை தண்ணீர் ஊற்றினார். இலைதான் வந்தது. மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினார். தெருப் பூனையெல்லாம் வந்து செடிமேல் படுத்தன.

பூக்கன்று விற்கும் இஹ்ஸான் தலையில் அடித்துக்கொண்டான்.

"சேர், இது காட்டுப் பூ. மாப்பிள்ளை மாதிரிக் கவனிச்சா பூக்காது. தண்ணியை நிப்பாட்டுங்கோ. காலமை வெயில் படோணும்."

கிழக்குப் பக்கம் ஜெயரூபி டீச்சர் வீட்டுத் தகரவேலி. இரண்டு தகரத்தைக் கழற்றினார். நாலாம் நாள் பின்னேரம் மொட்டு! அன்றிரவு அவர் சந்தோசத்தில் இரண்டுதரம் சாப்பிட்டார். விடியப் பார்த்தால் ஒரு மொட்டும் இல்லை. மறுநாளும் அப்படியே. நத்தையென்று சாம்பல் தூவினார். பூனையென்று வலை போட்டார். மொட்டு வருவதும் நின்றபாடில்லை, போவதும் நின்றபாடில்லை.

கடைசியில் ஒருநாள் விடியமுன் எழும்பி வாசலில் நின்றார். தகர இடைவெளியால் தட்டோடு நுழைந்தாள் ஜெயரூபி.

"என்ன பிள்ளை செய்யிறீர்?"

"பிள்ளையாருக்கு அண்ணை. வண்டு வாய் வைக்க முந்திப் பறிக்கோணும். நீங்கள் தகரத்தைக் கழட்டினது பெரிய உதவி."

யோகலிங்கம் செடிக்கு முன்னால் போய் நின்றார்.

"இந்தப் பூவைக் காட்டினாத்தான் என்ர மனிசி வருவா! அவ இல்லாம இந்த வீட்டில இருக்க எனக்கு ஏலாது பிள்ளை!"

ஜெயரூபி தட்டைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, இதைப் போனில அக்காட்டச் சொல்லுங்கோ அண்ணை! நீங்கள் வாய் திறந்து ஒருக்கா 'வா' எண்டு கூப்பிடோணுமெண்டு அக்கா பிள்ளையாருக்கு வைச்ச நேத்திக்கடனுக்குத்தானே நான் நாள்தோறும் பூப் பிடுங்கிறன்!"