கார் ஏறக்குறைய நலம்

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். தாங்கள் வெளியூர் வேலை முடிந்து திரும்பும்வரை எங்களிடம் ஒப்படைத்த காரும் ஏறக்குறைய நலம். தாங்களும் மகளும் பேரனும் நலமாக இருக்கவும், இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்கவும் வேண்டுகிறேன்.

புறப்படும்போது தாங்கள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “மாமா, அத்தை இப்பதான் லைசென்ஸ் வாங்கியிருக்காங்க. வண்டிய நீங்க மட்டும்தான் எடுக்கணும்.” அப்படியே நடந்தது. பயணம் முழுக்க ஓட்டியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகும் சொல்வேன்.

உங்கள் அத்தை காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள். கோட்டை, பாலம், போர்க்களம் எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்தே காட்டியிருக்கிறாள். ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. கார் கையில் கிடைத்ததும், பத்திரிகைகளில் வெட்டி வைத்திருந்த துண்டுகளை மேசை முழுக்கப் பரப்பினாள். நான் பெரிய அரண்மனை, நல்ல ஓட்டல் என்று ஆசைப்பட்டேன். “அங்க போக ஊரே இருக்கு. யாரும் எட்டிப் பார்க்காத இடமாப் போவோம்,” என்றாள். ஏன் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வழியிலேயே விளங்கிவிட்டது: ரோடு கிடையாது.

முதலில் ஆறில்லாத பாலம். எப்போதோ ஒரு வெள்ளத்தில் ஆறு மனம் மாறி வேறு பக்கம் போய்விட, பாலம் மட்டும் வயல் நடுவே நிற்கிறது. கைப்பிடிச் சுவரில் ஒவ்வொரு கல்லிலும் ஒவ்வொரு கொத்தனும் தன் அடையாளத்தைச் செதுக்கியிருக்கிறான். “ஐயோ, இங்க பாருங்க, இந்தக் கல்லுல மீனு! அந்தக் கல்லுல அரிவாள்!” என்று உங்கள் அத்தை கூவக் கூவ எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குதிரை வண்டிக்கு அளவெடுத்துக் கட்டிய பாலம் மாப்பிள்ளை, என்ன ஒரு சிக்கனம்! நம் காருக்கு வலப்பக்கம் ஒரு விரல்கடை மிச்சமிருந்தது, இடப்பக்கம் அதுவும் இல்லை, இடப்பக்கக் கண்ணாடி அங்கேயே தங்கிவிட்டது.

அடுத்து ஒற்றை அறைச் சிறை. சாலையோரம், குளியலறை அளவுதான். உப்புக் கடத்தியவர்களை அடைத்து வைப்பார்களாம். உள்ளே சுவரில் எவனோ ஒரு கைதி ஆணியால் ஒரு கப்பலைக் கீறியிருக்கிறான். பாய், கயிறு, கொடி ஒன்றும் விடவில்லை. வெளியே போக முடியாதவன் எத்தனை தூரம் போயிருக்கிறான்! இப்போது அங்கே ஆடுகள் குடியிருக்கின்றன. நாங்கள் உள்ளே போக அவை வெளியே வந்தன, வெளியே வந்தவை நிற்க இடம் தேடின, பானெட்டில் ஏறி நின்றன. மேலே இருக்கும் பள்ளங்கள் அவற்றின் குளம்புத் தடங்கள். தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், அல்லது வெயிலில்.

கடைசியாகக் கோணல் வாசல். சிதைந்த கோட்டை ஒன்றின் நுழைவாயில் அது. பாய்ந்து வரும் குதிரைப்படை உள்ளே திரும்ப முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று வேண்டுமென்றே வளைத்துக் கட்டியது. நூற்றாண்டுகள் போயும் வாசல் தன் வேலையை மறக்கவில்லை என்பதை நம் காரை வைத்து நிரூபித்திருக்கிறோம். அசட்டையாக நுழைந்ததாக நினைக்க வேண்டாம். வாசலின் அகலத்தைக் குடையால் அளந்தோம், காரையும் அளந்தோம், குடை சரியாகத்தான் சொன்னது. வளைவைப் பற்றிக் குடையிடம் யாரும் கேட்கவில்லை. முன்னும் போகாமல் பின்னும் வராமல் கார் நிற்க, காவலாளி ஓடி வந்தார். “இந்த வாசலைப் பார்க்க ஆளே வர்றதில்ல சார். நீங்க என்னடான்னா போகவே மாட்டேங்கறீங்க!” பின்பக்க பம்பரின் ஒரு துண்டை வரலாற்றுக்கு விட்டுக்கொடுத்து ஒருவழியாக வெளியே வந்தோம். அங்கே நான் கண்டது போன்ற அற்புதத்தை வாழ்நாளில் கண்டதில்லை. இதை மட்டும் தாங்கள் நம்ப வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன், ஓட்டியது நான். குற்றம் முழுதும் என்னுடையது. உங்கள் அத்தைமேல் துளியும் வருத்தம் வேண்டாம். சாவியை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். இனி எங்கள் பயணமெல்லாம் பஸ்ஸில்தான்.

தங்களுக்கு நீண்ட ஆயுளும் அதைவிட நீண்ட பொறுமையும் வாய்க்கட்டும். மகளுக்கு என் ஆசிகள். பேரனுக்கு முத்தம்.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை. கவரை ஒட்டச் சொல்லிட்டு மாமா குளிக்கப் போயிருக்கார். ஓட்டினது முழுக்க நான். குடையால அளந்ததும் நான். மாமா பக்கத்து சீட்டுல கண்ண இறுக்க மூடிட்டு உட்கார்ந்திருந்தார். வண்டி நின்னாலும் உதறல் நிக்கல, எங்கயும் இறங்கல. பாலம், கப்பல் எதையும் பார்க்கல. நான் சத்தமாச் சொல்லிட்டு வந்ததைத்தான் பார்த்த மாதிரி எழுதியிருக்கார். வாசல்ல மாட்டினப்பதான் கண்ணத் திறந்தார். நான் ஒடிச்சு ஒடிச்சு ரிவர்ஸ் எடுத்து வெளிய கொண்டாந்ததும் இறங்கினார். வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கல, என்னையே பார்த்துட்டு நின்னார். “இவ்ளோ நல்லா ஓட்டுவியா நீ?”ன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. திட்டணும்னா என்னைத் திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா கடல் விலகிப்போன கலங்கரை விளக்கம் ஒண்ணு பாக்கி இருக்கு. இந்தத் தடவை கண்ணத் திறந்துட்டே வர்றதா மாமா ஒத்துக்கிட்டிருக்கார். அதனால கவர்லேர்ந்து சாவிய நான் எடுத்துட்டேன்.