கோதண்டம் சாரின் கவனக் குவிப்பு வகுப்பு

ஒரு காட்டில் இருந்த முயல்களுக்கு எல்லாத் தகவலும் வந்து சேர்ந்தது, எதுவும் மண்டையில் நிற்கவில்லை. விடிந்ததும் செல்போனை எடுத்தால் பொழுது சாயும்வரை வீடியோதான். அரளி இலையைத் தின்னக் கூடாது என்று மூன்று வீடியோ பார்த்த ஒரு முயல், நான்காவதைப் பார்த்துக்கொண்டே அரளியைத் தின்று செத்தது.

மறுநாளே கோதண்டம் என்ற நரி ஒரு புதரைப் பெருக்கிச் சுத்தம் செய்து, 'கவனக் குவிப்பு மையம்' என்று பலகை மாட்டியது. கட்டணம் கிடையாது.

ராஜாத்தி என்ற முயல் முதல் ஆளாகச் சேர்ந்தது. தங்கை சொர்ணத்தையும் இழுத்துக்கொண்டு போனது. சொர்ணம் வழியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே வந்து இரண்டு மரத்தில் முட்டிக்கொண்டது.

"எல்லா குரூப்லேருந்தும் வெளியே வாங்க," என்றது நரி. "காக்கா அனுப்புறது, அணில் அனுப்புறது எதுவும் வேண்டாம். ஒரு நேரத்துல ஒரு விஷயம். இப்ப கண்ணை மூடி அரளி இலையை மட்டும் நினைங்க. யார் கத்தினாலும் திரும்பக் கூடாது."

"யார் சார் கத்துவாங்க?" என்று கேட்டது சொர்ணம்.

"பாருங்க, இதுதான் கவனச் சிதறல்," என்றது நரி.

மற்ற முயல்கள் சொர்ணத்தை முறைத்துவிட்டுக் கண்ணை மூடின.

ராஜாத்திக்கு வாழ்க்கையில் முதல்முறையாக மனம் ஒரு இடத்தில் நின்றது. அரளி இலையின் நரம்புகூடத் தெரிந்தது. முன்வரிசையில் யாரோ "ஐயோ" என்றபோதும் அது அசையவில்லை. சொர்ணமோ வயிற்றடியில் போனை ஒளித்து, குட்டி யானை சேற்றில் வழுக்கி விழுகிற வீடியோவைப் பார்த்தது. சிரிப்பு வந்து, சார் கவனித்துவிட்டாரோ என்று நிமிர்ந்தது. சாரின் வாயில் ஒரு நீளக் காது தொங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசை காலி.

"அக்கா, எழுந்திரு. சார் நம்மைத் திங்கிறார்."

"படிக்க விடுடி," என்றது ராஜாத்தி, கண்ணைத் திறக்காமல். அதுதான் அது கடைசியாகப் பேசியது.

சொர்ணம் ஓடித் தப்பித்து, வளைக்குள் கிடந்து அழுதது. பிறகு நடந்ததை எல்லா குரூப்பிலும் எழுதிப் போட்டது. படிப்பில் ஆசையுள்ள முயல்கள் குரூப்பை விட்டு ஏற்கெனவே போய்விட்டிருந்தன. மிச்சமிருந்தவை அழுகிற எமோஜி ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குத் தாவின. ஒரே ஒரு முயல் மட்டும் முழுக்கப் படித்துவிட்டுத் தேடி வந்தது.

"உங்க அக்கா கடைசிவரைக்கும் கண்ணைத் திறக்கவே இல்லையா?"

"இல்லை."

"எனக்கும் அந்த மாதிரி கவனம் வரணும்னுதான் பார்க்கிறேன். அந்தப் புதர் எந்தப் பக்கம்?"

நீதி: கவனம் சிதறாமல் படிக்கும் மாணவரை எந்த ஆசிரியரும் மிச்சம் வைப்பதில்லை.