சூரியக் காற்றும் ஒரு சட்டி மீன்குழம்பும்

கதை எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். சூரியனைப் பற்றி எழுத எனக்கு எத்தகுதியும் இல்லை. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் என் எதிர்வீட்டுச் சுகுமாரன் அவர்களின் உணவு மேசையில் நிகழ்ந்ததை மட்டும் பணிவுடன் சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலை அம்மேசையில் மைத்துனர் பக்கிரிசாமி அமர்ந்திருந்தார். தங்கை வள்ளியம்மாவின் வீட்டில் அவர் கைநனைக்க வந்தது முப்பது ஆண்டுகளில் அதுவே முதன்முறை. ஆயினும் மீன்குழம்பைத் தொடவில்லை.

"மாப்பிள்ளை, ஷர்மினி கல்யாணத்துல தாய்மாமனா நான் நிக்கணும்னா உண்மையைச் சொல்லுங்க. அன்னைக்குத் தைப்பூசத்துல என் தங்கச்சி மேல வேணும்னுதானே விழுந்து அவ மனசைக் கலைச்சீங்க?"

"சத்தியமா இல்ல மச்சான். கூட்டம் தள்ளிருச்சு."

"முப்பது வருசமா இதே பாட்டு. ஆதாரம் இருக்கா?"

இருந்தது. பல்கலைக்கழகத்தில் விண்வெளி இயற்பியல் பயிலும் ஷர்மினி, முந்தைய வாரம்தான் தந்தைக்கு அதை விளக்கியிருந்தாள். சூரியனிலிருந்து மெதுவான காற்றும் வீசுகிறது. வேகமான காற்றும் வீசுகிறது. முன்னே செல்லும் மெதுவான காற்றைப் பின்னே வரும் வேகக் காற்று எட்டிப்பிடித்து நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் அகப்படும் சில துகள்கள் முன்னும் பின்னும் மோதி, மோதலுக்கு மோதல் வேகமெடுத்துப் பாய்கின்றன. இதை அப்படியே மைத்துனரிடம் ஒப்பித்தார் சுகுமாரன்.

"அந்தத் துகள் நான்தான் மச்சான்! முன்னால தேங்காய் உடைக்க ரதம் நின்னுச்சு. பின்னால கூட்டம் ஓடியாந்துச்சு. நடுவுல நான்."

சொல்லும்போதே சுகுமாரனின் முகம் இளமையடைந்தது. தண்ணீர்மலைச் சாலையின் வெயில், உடைந்த தேங்காயின் மணம், உறுமி மேளச் சத்தம், மஞ்சள் சேலையில் வள்ளி.

"சும்மா வாயால சொன்னா எப்படிலா?" என்றார் பக்கிரிசாமி.

சுகுமாரன் இரண்டு தட்டுகளை நேரெதிரே பிடித்து, இடையில் ஒரு பிங்பாங் பந்தை விட்டு நெருக்கினார். பந்து டக்டக்கென்று வேகமெடுத்துக் குழம்பில் குதித்தது. குழம்பு மைத்துனரின் வெள்ளைச் சட்டையில் குதித்தது.

"பந்து லேசு மச்சான். கோலின்னா நேராப் போகும்."

நேராகத்தான் போயிற்று, மைத்துனரின் மூக்குக்கண்ணாடிக்கு.

"அப்பா, போதும்ப்பா!"

"இரும்மா, ஆளை வச்சே காட்டிடறேன். நீ ரதம், அங்கயே நில்லு. வள்ளி, நீ கூட்டம். ஓடி வா!"

வள்ளியம்மா ஏனோ தயங்கினார். "விடுங்களேன், பழைய கதை."

"மானப் பிரச்சினை வள்ளி, வா!"

வந்தார். ரதத்திற்கும் கூட்டத்திற்கும் நடுவே மோதிய சுகுமாரன், குழம்புச்சட்டியோடு தரையில் கிடந்தார்.

பக்கிரிசாமி எழுந்தார். "நான் கிளம்புறேன். வேற தாய்மாமன் பாத்துக்குங்க."

"சாப்பிடாமப் போகாதீங்கண்ணே!" என்று கலங்கிய வள்ளியம்மா, நாசி கண்டார் சோற்றுக்கடை ஜபருல்லாவைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் சுகுமாரனின் பழைய நண்பர். அந்தத் தைப்பூசத்திற்கும் உடன் சென்றவர். பொட்டலங்களோடு வந்தவர் தரையைப் பார்த்தார்.

"என்ன அண்ணே, வீட்டுக்குள்ளேயே தைப்பூசமா?"

சுகுமாரன் படுத்தவாறே சூரியக் காற்றை மீண்டும் விளக்கினார். ஜபருல்லா வள்ளியம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"இனியும் மறைக்க முடியாதுக்கா. கூட்டமும் தள்ளல, காத்தும் தள்ளல அண்ணே. அக்காதான் காலை நீட்டுச்சு."

பக்கிரிசாமி தங்கையை நெடுநேரம் பார்த்தார். பிறகு அமர்ந்து, பொட்டலத்தைப் பிரித்தார்.

இழந்தவை: ஒரு குழம்புச்சட்டி, ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு வெள்ளைச் சட்டை, முப்பது ஆண்டுகள்.