நெல்லுக்கு வளைகாப்பு நடத்திய பூட்டு சார்

காவிரி கடலில் கலக்கிற இடம் வரைக்கும் தேடினாலும், நெற்பயிருக்கு வளைகாப்பு நடத்திய விஞ்ஞானி எங்கள் பூட்டு சார் ஒருவர்தான் இருப்பார். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் என் தொட்டிகளுக்கு அடுத்த வரிசை அவருடையது. என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பம்.

இருவருக்கும் ஒரே வேலை, நெல்லின் ஒரே மரபணு. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், அவரவர் தேர்ந்தெடுத்த இடத்தில் ஒரு ரசாயனப் பூட்டு மட்டும் போட வேண்டும். மரபணு வாயை மூடிக்கொள்ளும். பூட்டுவதற்காகப் பயிருக்குள் நுழைத்த மரபணுக் கருவியை அடுத்த தலைமுறையில் கழித்துவிடுவோம். அதற்குப் பிறகும் பிள்ளைப் பயிர் பூட்டோடு பிறந்தால் திட்டம் பிழைக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கதிர் வெளியே வராமல் தொண்டையில் நிற்கும் பருவத்தில் மனிதர் பட்டுவேட்டியில் வந்துவிடுவார். தொட்டிக்குத் தொட்டி குச்சி நட்டு, பச்சை வளையல் மாட்டி, எங்களுக்குப் புளிசாதம், தயிர்சாதம் என்று இலை போடுவார். "நெறமாசங்க, சத்தம் போடாதீங்க" என்று டைரக்டரையே அடக்கியவர்.

அவர் பிள்ளைகள் பூட்டோடு பிறந்தன. பேரப்பிள்ளைகளும் அப்படியே. என்னுடையவை பூட்டை உதறிவிட்டு ஜாலியாகப் பிறந்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் பயிர்ல கருவி இன்னும் ஒளிஞ்சிருக்குங்க. அதுதான் ஒவ்வொரு தடவையும் புதுசா பூட்டுது" என்று மீட்டிங்கில் போட்டு உடைத்தேன். சோதித்தார்கள். கருவி துளிகூட இல்லை. எல்லோரும் அவருக்குக் கைகொடுத்தார்கள். நான் ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

சாயங்காலம் என் தொட்டிகளிடம் வந்து நின்றார்.

"பூட்டு நல்ல பூட்டுதாங்க. போட்ட இடத்துலதான் நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் தள்ளி, நான் போட்ட இடத்துல போட்டுப் பாருங்க."

"இன்னும் பேப்பர்கூட வரலியே, என்கிட்ட சொல்றீங்க?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க. சொல்லாம இருப்பேனா?"

ஜெயித்த ஆள் கெட்டவராகவாவது இருந்து தொலைக்கக் கூடாதா? அன்றைக்கு எரிந்த மாதிரி என் வயிறு என்றைக்கும் எரிந்ததில்லை.

அப்புறம் அவர் மாற்றலாகி வடக்கே போய்விட்டார். இந்தச் சம்பாவில் என் பிள்ளைப் பயிர்கள் பூட்டோடு பிறந்தன. கதிர் தொண்டைக்கு வந்ததும் வளையல் கடைக்குப் போனேன்.

"பொண்ணு கை என்ன அளவுங்க?" என்றார் கடைக்காரர்.

"குச்சி அளவு பாய்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார்.

பொறாமை தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். வடக்கே அவருக்கு அடுத்த வரிசை எவனுக்குக் கிடைத்திருக்கிறதோ, என் வயிற்றெரிச்சல் எல்லாம் இப்போது அவன்மேல்தான்.