முட்டிக்கு ஒரு வேண்டுதல்

துணி மூட்டைகளின் உச்சியில் நின்று, இரண்டு கால்களையும் ஒட்டவைத்துக் கீழே குதித்த பிறகுதான், வாசலில் நின்ற வெள்ளையனைக் கந்தப்பன் பார்த்தான். பாதி வழியில் நிறுத்தக்கூடிய காரியமா அது? தொப்பென்று தரையில் விழுந்து, பக்கவாட்டில் உருண்டு, கழிவுத்துணிக் குவியலில் போய் முட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயோ, தம்பி மேல இருந்து உழுந்துட்டாருங்கோ!"

வெள்ளையன், கந்தப்பன் வீட்டை ஒட்டியிருந்த அந்தப் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். அவன் குரலும் கத்திரி மாதிரிதான், தெருவை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும்.

விழுந்ததைப் பற்றிக் கந்தப்பனுக்குக் கவலை இல்லை. வலது முட்டி தாங்கியதா என்பதுதான் கவலை. எழுந்து நின்று அழுத்திப் பார்த்தான். தாங்கியது.

பட்டாளத்தில் அவன் விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கிறவன். போன மழைக்காலத்தில் ஆக்ராவில் குதித்தபோது, காற்று அவனை இழுத்துக்கொண்டு போய்ப் பொட்டலில் சாய்த்தது. முட்டிக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டு, பிரித்து, தேறட்டும் என்று ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். லீவு முடிந்து போனதும் ஒரு மேடையிலிருந்து குதித்துக் காட்ட வேண்டும். கால் தடுமாறினால் அப்புறம் ஆகாயம் கிடையாது. கிடங்கில் உட்கார்ந்து அடுத்தவன் பாராசூட்டை மடித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. பாராசூட் மடிக்கிற வேலை என்றுதான் அவன் வீட்டில் சொல்லியிருந்தான். அவன் அம்மா தெய்வாத்தாள், பக்கத்து வீட்டுக் குழந்தை படி ஏறினாலே நெஞ்சில் கைவைக்கிறவள். அவளிடம் போய் ஆகாயத்திலிருந்து குதிக்கிறேன் என்று சொல்ல முடியுமா? முட்டியில் அடிபட்டதற்குக்கூட, கிடங்கில் சோப்புத் தண்ணீர் வழுக்கிவிட்டது என்று சொல்லிவைத்திருந்தான்.

"திருப்பூர்ல மடிக்கறதுக்குத் துணியா இல்ல? இதுக்கு ஆக்ரா வரைக்கும் போவோணுமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறான். சோதனையில் தோற்றால் அந்தப் பொய் நிஜமாகிவிடும். உயிர் போனாலும் அதற்கு விடுவதில்லை என்று இருந்தான்.

தெய்வாத்தாள் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏஞ்சாமி, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. ஒரு மூட்டைய எறக்கலாம்னு ஏறுனேன். வழுக்கிருச்சு."

"அங்கயும் வழுக்குது, இங்கயும் வழுக்குதா?"

பின்னாலேயே அப்பா குமாரசாமி வந்தார். கம்பெனி முதலாளி. வாயைத் திறந்தால் கூலி கேட்பார்களோ என்பது போல அளந்து பேசுகிறவர். மூட்டைகளை ஒருமுறை பார்த்தார், மகனை ஒருமுறை பார்த்தார். "எல்லாத்தையும் கீழ எறக்குங்க" என்றார். சாயங்காலத்துக்குள் அந்தக் கம்பெனியில் இடுப்புக்கு மேல் உயரமான பொருள் எதுவும் இல்லை. ஏணி அவருடைய அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

"ஏணியத்தானே பூட்டுனாங்க. ஆகாசத்தையா பூட்டிட்டாங்க?" என்று கந்தப்பன் முணுமுணுத்தான்.

மறுநாள் காலையில் ஊருக்கு வெளியே இருந்த தோட்டத்துக்குப் போனான். கிணற்றோரத்தில் மோட்டார் ரூம் இருந்தது. மேலே ஏறி, பக்கத்தில் உழுது போட்டிருந்த மண்ணில் குதித்தான். முதல் குதியில் கால் கொஞ்சம் அகன்றுவிட்டது. மறுபடியும் ஏறினான், குதித்தான். உருண்டது சரியில்லை. மறுபடியும் ஏறினான். வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த குப்பாயி கதிரரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் புல்லுக்கட்டோடு பக்கத்தில் வந்தாள்.

"தம்பி, இந்த ஒசரத்துல எத்தன தடவ குதிச்சாலும் உசுரு போவாதுங்க. பேசாம ஊட்டுக்குப் போயி ஒருவாய் சோறு உண்ணுங்க."

கந்தப்பன் வீடு திரும்புவதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விட்டது. அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெய்வாத்தாள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். பொண்ணு அமையாத ஏக்கம் என்றார் ஒருவர். வடக்கத்தித் தண்ணி மூளைக்கு ஏறிவிட்டது என்றார் இன்னொருவர். அன்றைக்கே வீட்டுக் கிணற்றின் மேல் பலகை போட்டு மூடினார்கள். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டுத் தொங்கியது. அவன் படுத்திருந்த கட்டிலைக்கூடத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, தரையில் பாயை விரித்தார்கள்.

லீவு கரைந்துகொண்டே வந்தது. பாயிலிருந்து குதித்தா பழக முடியும்? கந்தப்பன் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான்.

"அழுகாதீங்கம்மா. இது வேண்டுதலுங்க. முட்டி செரியாச்சுன்னா ஒசரத்துல இருந்து குதிக்கறேன்னு முருகனுக்கு நேந்துக்கிட்டேன்."

தெய்வாத்தாளின் அழுகை சட்டென்று நின்றது. தப்பித்தோம் என்று நினைத்தான். அவளோ முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"சாமிக்குச் சொன்ன வார்த்தைய மோட்டார் ரூம் மேல போயா தீக்கறது? கூப்புடுங்க பூசாரிய!"

பூசாரி வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோயில் தேர் நிற்கிற இடத்தில், சாமியைத் தேரில் ஏற்றுவதற்காகக் கட்டிய கல்மேடை ஒன்று உண்டு. தேர்முட்டி என்று பெயர்.

"முட்டிக்கு நேந்துக்கிட்டத தேர்முட்டியில தீக்கறதுதானுங்க மொறை" என்று முடிவு சொல்லிவிட்டார்.

கந்தப்பன் உள்ளூரச் சிரித்தான். ஆக்ரா மேடைக்குத் தேர்முட்டி ஒன்றும் சளைத்ததில்லை. இதைவிடச் சரியான பயிற்சி எங்கே கிடைக்கும்?

கிருத்திகையன்று மேளச் சத்தத்தோடு மேடைமேல் ஏறிக் கீழே பார்த்தபோதுதான் சிரிப்பு போனது. கம்பெனியிலிருந்த கழிவுத்துணி அத்தனையும் வண்டியில் வந்து இறங்கியிருந்தது. அதற்கு மேல் வைக்கோல். அதற்கும் மேலே, வெள்ளையனும் கூட வேலை செய்கிறவர்களுமாகச் சேர்ந்து ஒரு பெரிய பவானி ஜமக்காளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஊரே திரண்டிருந்தது.

"ஜமக்காளத்த எடுங்க!" என்று கத்தினான்.

"மாட்டோமுங்க தம்பி! மொதலாளி உத்தரவு!"

"அதுல உழுந்தா எம்பட முட்டி தாங்குதா இல்லையான்னு எப்பிடித் தெரியும்? எடுங்கன்னு சொல்றேன்!"

யாரும் அசையவில்லை. குப்பாயி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டிருந்தாள். அத்தனை பேரும் இப்படித் தன்னைப் பச்சைப்பிள்ளையைப் போலப் பார்ப்பதைக் கந்தப்பனால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

"எல்லாரும் கேட்டுக்குங்க! நான் துணி மடிக்கறவனில்ல. ஏரோப்ளேன்ல இருந்து குதிக்கறவன்! மேகத்துக்கு மேல இருந்து குதிச்சவனுக்கு இந்தக் கல்லுமேடை ஒரு ஒசரமா?"

கீழே ஒருவரும் வியக்கவில்லை.

"அது செரிங்க தம்பி. மொதல்ல படி வழியாக் கீழ எறங்குங்க" என்றார் பூசாரி.

நம்பவே இல்லை! கந்தப்பனுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. ஜமக்காளம் இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டினான். மேடையின் மறுபக்கத்துக்கு நடந்தான். அங்கே வெறும் கட்டாந்தரைதான். கால்களைச் சேர்த்தான், முட்டியை லேசாக மடித்தான், குதித்துவிட்டான்.

கூட்டம் ஒரே குரலில் அலறியது. ஜமக்காளத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மேடையைச் சுற்றி ஓடி வருவதற்குள், அவன் உருண்டு எழுந்து, புழுதியோடு நிமிர்ந்து நின்றான். வலது காலை மட்டும் ஊன்றி நின்று காட்டினான். மேளம் நின்றுபோயிருந்தது.

"பாத்துக்குங்க! நாளைக்கே நான் ஆக்ராவுக்கு வண்டி ஏறறேன். மறுபடியும் ஏரோப்ளேன்ல இருந்துதான் குதிப்பேன். ஆரு அழுதாலும் செரி, நிக்க மாட்டேன்!"

குமாரசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெதுவாக வந்தார். மகன் தோளில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"நீ ஏரோப்ளேன்ல இருந்து குதிக்கறது ஊருக்கே எப்பவோ தெரியுமப்பா. ஒரு பனியன ஒழுங்கா மடிக்கத் தெரியாத உன்னைய எவன் மடிக்கற வேலைக்கு வெப்பான்? நீயாச் சொல்லுவேன்னு இருந்தோம். ஆனா அங்க குடையோட குதிக்கறவன், இங்க வந்து குடையில்லாமயே குதிச்சுக்கிட்டுக் கெடந்தா, பெத்தவ அழுக மாட்டாளா?"